நெஞ்சில் பதக்கம் அணிவது எப்படி? முன்னாள் படைவீரர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

டிசம்பர் 7 கொடிநாள் கழிந்ததும் கொங்கு மாவட்டங்களில் பீரோவுக்குள் கிடக்கும் தகரப்பெட்டிகள் வெளியே வரத் தொடங்கும். ஜனவரி 14 முன்னாள் படைவீரர் நாள், 15 இராணுவ நாள், 26 குடியரசு நாள் என்று மூன்று நாட்கள் அடுத்தடுத்து வருகின்றன. 1953-இல், இராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதி கரியப்பா ஓய்வுபெற்ற நாள்தான் அந்த ஜனவரி 14. நமக்கு அது போகியோ பொங்கலோ ஆகிவிடுவதால், வீட்டு வேலைக்கு நடுவே அவசரமாகப் பதக்கங்களை எடுத்து, கையில் கிடைத்த ஊசியால் சட்டையில் குத்திக்கொண்டு கிளம்புகிறவர்கள் நிறையப் பேர்.

கோவையில் பதக்கங்களைப் பட்டையில் பொருத்தித் தைத்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. முதன்முறையாகச் சிவில் உடையில் பதக்கம் அணியப்போகும் ஓய்வுபெற்ற வீரர், அப்புச்சியின் பதக்கத்தை அணிய ஆசைப்படும் பேரன், கணவரின் பதக்கத்தோடு அஞ்சலிக்குப் போகும் மனைவி ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் சொல்வதை இங்கேயும் முதலில் சொல்லிவிடுகிறேன். பதக்க வரிசை ஒருவரின் பணிக்காலத்தைச் சொல்லும் ஆவணம். நிறப் பொருத்தம், பளபளப்பு, அளவு என்று எதற்காகவும் அதில் ஒன்றைக்கூட இடம் மாற்றக் கூடாது.

தாளைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறங்கள்

பணி முடிந்து வரும்போது படையில் தந்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து, அதில் எந்தெந்தப் பதக்கங்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு பெட்டியில் இருப்பவற்றைச் சரிபாருங்கள். பலருடைய புத்தகத்தில் ஏழு பதக்கம் இருக்கும், பெட்டியில் நான்குதான் இருக்கும். பதக்கம் கைக்கு வந்து சேரும் முன்பே ஓய்வு பெற்று ஊர் வந்துவிட்டவர்கள் இங்கே ஏராளம். விட்டுப்போன பதக்கத்துக்கு அவரவர் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுத வேண்டும். மதராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு அது குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் இருக்கிறது; பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரில் இருக்கிறது. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். மீதியைக் கடையில் வாங்கி நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். கடையில் எல்லாமே கிடைக்கும். புத்தகத்தில் இல்லாதது நெஞ்சில் இருக்கக் கூடாது.

பெட்டியில் இருப்பது உங்கள் வீட்டுப் பதக்கம்தானா என்று அறிய அதன் விளிம்பைப் பாருங்கள். பெரும்பாலும் படை எண்ணும் பெயரும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அண்ணன், தம்பி இருவருமே படையில் இருந்த வீடுகளில் இரண்டு பேருடைய பதக்கங்களும் ஒரே டப்பாவில் கலந்து கிடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பிரித்துக் கொடுப்பது அந்த விளிம்பு எழுத்துதான்.

எது முன்னால், எது பின்னால்

இந்தப் பகுதிக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். நூறு பேரில் பாதிப் பேர் வழுக்குவது இங்கேதான்.

பதக்கங்களுக்கு முன்னுரிமை வரிசை ஒன்று அரசால் அறிவிக்கப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டு வாங்கினோம் என்பதைப் பொறுத்து அது அமைவதில்லை. 9 ஆண்டுப் பணிப் பதக்கம் முதலில் கிடைத்தது என்பதற்காக அது முன்னால் வராது. உண்மையில் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும்.

வீரதீரப் பதக்கங்கள் மேலே நிற்கின்றன. பரம்வீர் சக்ரா, அதற்கடுத்து அசோக சக்ரா. இடையில் வேறு சில விருதுகள் வந்தாலும் படைக்காரர் கண்ணோட்டத்தில் தொடர்ந்து வருபவை மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா, பிறகு வீர் சக்ரா, சௌர்ய சக்ரா, அதன்பின் சேனா பதக்கம். போர்க்களத்துக்கும் அமைதிக் காலத்துக்குமான விருதுகள் இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்திருக்கின்றன. இவற்றுக்குப் பின்னால் போர்க்களப் பதக்கங்களும் பகுதிவாரிப் பணிப் பதக்கங்களும், அவற்றுக்குப் பின்னால் விடுதலை ஆண்டுவிழாப் பதக்கங்களும், பிறகு நீண்டகாலப் பணிப் பதக்கங்களும் வரும். ஐ.நா. அமைதிப்படையில் பணியாற்றியவருக்கு அந்தப் பதக்கம் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஒரு எடுத்துக்காட்டு. கோபி பக்கத்திலிருந்து 1996-இல் படையில் சேர்ந்து 24 ஆண்டுகள் கழித்து ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். சியாச்சினில் இருந்திருக்கிறார், 2001-02 எல்லைக் குவிப்பில் இருந்திருக்கிறார், ஜம்மு காஷ்மீரில் இருந்திருக்கிறார். அவருடைய வரிசை இப்படி அமையும்: முதலில் சியாச்சின் கிளேசியர் பதக்கம், அடுத்து அந்த எல்லைக் குவிப்புக்கான ஆபரேஷன் பராக்ரம் பதக்கம், அடுத்து ஜம்மு காஷ்மீர் பணிக்கான சைன்ய சேவா, அடுத்து ஹை ஆல்டிடியூட் பதக்கம். 1997 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்ததால் விடுதலையின் 50-ஆம் ஆண்டுப் பதக்கம் ஐந்தாவது. ஆறாவது 20 ஆண்டுப் பணிப் பதக்கம், ஏழாவது 9 ஆண்டுப் பணிப் பதக்கம். 20 வந்துவிட்டதால் 9 தேவையில்லை என்று சிலர் கழற்றி வைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் இருக்க வேண்டும். பெரியது முன்னால், சிறியது பின்னால்.

சைன்ய சேவா பதக்கத்தின் ரிப்பனில் பட்டையாக ஒரு கிளாஸ்ப் இருக்கும். ஜம்மு காஷ்மீர், ஹிமாலயா என்று பணியாற்றிய பகுதியின் பெயர் அதில் எழுதியிருக்கும். இரண்டு பகுதிகளில் பணியாற்றியவருக்கு இரண்டு கிளாஸ்ப், ஆனால் பதக்கம் ஒன்றுதான். இரண்டாவது கிளாஸ்ப்புக்காக இன்னொரு பதக்கம் வாங்கி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான், ஆனாலும் கழற்ற வேண்டியிருந்தது.

இனி இடம், வலம். பதக்கம் அணிவது இடப்பக்க நெஞ்சில். உயர்ந்தது சட்டைப் பொத்தான் வரிசைக்கு அருகில், அதாவது உடலின் நடுப்பக்கமாக இருக்கும். கடைசிப் பதக்கம் இடத்தோள் பக்கம் போகும். கண்ணாடி முன் நின்று வரிசைப்படுத்தினால் குழப்பம் வந்துவிடும். மேசையில் துணி விரித்துப் பதக்கங்களை முகம் மேலே இருக்கும்படி வையுங்கள். தமிழ் வரியைப் படிப்பதுபோல இடமிருந்து வலமாக, உயர்ந்ததில் தொடங்கி அடுக்குங்கள். அப்படியே தைத்து அணிந்தால் எதிரே நிற்பவர் கண்ணுக்கும் அதே வரிசையில் தெரியும்.

ரிப்பன்

பழைய ரிப்பன் நைந்து போயிருந்தால் மாற்றலாம், மாற்றத்தான் வேண்டும். ஆனால் திருப்பூரில் நாடாத் தறிகள் இத்தனை இருக்கும்போது அதே நிறத்தில் ஒன்றை நெய்து வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்காதீர்கள். ரிப்பனில் அகலமும் கோடும் கோட்டின் எண்ணிக்கையும் பொருள் உள்ளவை. பொதுவான அகலம் 32 மில்லிமீட்டர். அசோக சக்ராவின் ரிப்பன் பச்சை, நடுவில் ஒரு காவிக் கோடு. கீர்த்தி சக்ராவுக்கு அதே பச்சையில் இரண்டு கோடு, சௌர்ய சக்ராவுக்கு மூன்று. 1967 வரை இவை அசோக சக்ராவின் முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளாக இருந்தவை என்பதால்தான் இந்தக் கணக்கு. ஒரு கோடு கூடினாலும் குறைந்தாலும் விருதே வேறாகிவிடும். சேனா பதக்கத்துக்குச் சிவப்பில் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. பரம்வீர் சக்ராவுக்குக் கோடே இல்லாத ஊதா.

மகாவீர் சக்ராவின் ரிப்பன் பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு. வீர் சக்ராவின் ரிப்பன் பாதி கருநீலம், பாதி ஆரஞ்சு. இத்தகைய இருநிற ரிப்பனைத் திருப்பித் தைத்துவிட்டால் நிறம் இடம் மாறிவிடும். தைப்பதற்கு முன்னால் விருது வந்தபோது எடுத்த பழைய புகைப்படத்தையோ அரசு வெளியிட்ட படத்தையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டையில் பொருத்துவது

மூன்று, நான்கு பதக்கம் என்றால் கவலை இல்லை. நான்கு ரிப்பன் சேர்ந்தால் 128 மில்லிமீட்டர், நடுத்தரமான நெஞ்சில் அடங்கிவிடும். மேலே சொன்ன ஹவில்தாருக்கு ஏழு. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 224 மில்லிமீட்டர் வரும், கைக்குள் போய் இடிக்கும். அப்போது ஒன்றன்மேல் ஒன்று சற்று ஏறும்படி தைக்க வேண்டும். நடுப்பக்கம் இருக்கும் உயர்ந்த பதக்கம் முழுதாகத் தெரிய வேண்டும். அடுத்தடுத்தவை அதன் அடியில் ஒரே அளவாகப் போக வேண்டும். இரண்டு வரிசையாகப் பதக்கம் தொங்கவிடுவது கிடையாது. எத்தனை இருந்தாலும் ஒரே வரிசைதான்.

எல்லாப் பதக்கங்களின் கீழ்விளிம்பும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நட்சத்திர வடிவப் பதக்கமும் வட்டப் பதக்கமும் கலந்திருந்தால் உயரம் வேறுபடும். ரிப்பனின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் இதைச் சரிசெய்ய முடியும். அளவுகோல் இல்லாமல் கண்மதிப்பில் தைக்காதீர்கள்.

ஆகஸ்ட் 15-க்கு அணிகிறவர்களுக்கு ஒன்று. அந்த மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோவை, பல்லடம், உடுமலைப் பக்கம் எப்படி வீசும் என்று நமக்குத் தெரியும். தளர்வாகத் தொங்கும் பதக்கங்கள் மைதானத்தில் ஒன்றோடொன்று மோதிப் புரண்டு, பின்பக்கம் முன்னால் தெரியும்; விளிம்பும் தேயும். பட்டைக்குப் பின்னால் கருநிற மேட்டித் துணி ஒட்டிய அட்டையைக் கீழ்வரை இறக்கி, ரிப்பனை அதன்மேல் தைத்துவிட்டால் அசையாது. பதக்கத்தில் துளை போடுவதோ பசை ஒட்டுவதோ கூடவே கூடாது.

எந்த உடையில்

ஓய்வு பெற்றபின் விழாவுக்குச் சிவில் உடையில் பதக்கம் அணிவதே வழக்கம். மூடிய கழுத்துக் கோட்டு, ரெஜிமெண்ட் பிளேசர் இவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. இடது மேல்பைக்கு மேலே பட்டை நேராக நிற்கும். பிளேசரின் பையில் ரெஜிமெண்ட் சின்னம் இருந்தால் பதக்கம் அதை மறைக்காமல் மேலே ஏற வேண்டும்.

ஆனால் நம் பக்கத்தில் பெரும்பாலோர் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாகத்தான் வருகிறார்கள். வேட்டி கட்டிய ஒருவர் நெஞ்சில் பதக்கத்தோடு நிற்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். அதில் ஒரே தொல்லை, மெல்லிய பருத்திச் சட்டை ஏழு பதக்கத்தின் எடையைத் தாங்காமல் தொங்கி, பட்டை முன்னால் சாய்ந்துவிடுவது. சட்டையின் உட்புறம், பைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கான்வாஸ் துண்டு ஒன்றைத் தையல்காரரிடம் சொல்லி வைத்துத் தைத்துவிடுங்கள். ஊசி இரண்டு துணியையும் சேர்த்துக் குத்தி வெளியே வர வேண்டும். பையிலிருந்து பேனா, செல்போன், கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தோளில் துண்டு போடுகிறவர்கள் அன்றைக்கு மட்டும் வலத்தோளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பதக்கத்தை அணிந்துகொண்டே பஸ்ஸிலும் இருசக்கர வண்டியிலும் போகாதீர்கள். துணியில் சுற்றிக் கையில் எடுத்துப்போய் கோவை வ.உ.சி. மைதானமோ உங்கள் ஊர் ஆயுதப்படை மைதானமோ போய்ச் சேர்ந்தபிறகு, இன்னொருவரை முன்னால் நிறுத்தி நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அணியுங்கள்.

முழுப் பதக்கம் அணியும்போது அதே பதக்கத்தின் ரிப்பன் துண்டைத் தனியாக மேலே குத்தக் கூடாது. ஒன்று பதக்கம், இல்லையென்றால் ரிப்பன். சின்ன அளவிலான மினியேச்சர் பதக்கங்கள் மாலை நேர மெஸ் விருந்து உடைக்கு உரியவை. பகல் விழாவுக்கு அவை பொருந்தாது.

குடும்பத்தார் அணிவது

மறைந்த வீரரின் பதக்கங்களை நெருங்கிய குடும்பத்தார் அணியலாம். வலப்பக்க நெஞ்சில் அணிய வேண்டும். இடப்பக்கம் அந்தப் பதக்கத்தைத் தானே பெற்றவருக்கு மட்டுமே உரியது. நெஞ்சின் எந்தப் பக்கம் என்பதிலிருந்தே, இது இவர் பெற்றதா, இவர் வீட்டார் பெற்றதா என்று பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். போர் நினைவிட அஞ்சலி, கல்லறை அஞ்சலி, இறுதிச் சடங்கு ஆகிய நிகழ்வுகளுக்கு இராணுவம் இந்த அனுமதியைத் தந்திருக்கிறது. கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம் எதற்கும் இது பொருந்தாது. குடியரசு நாள் விழாவில் உங்களைச் சிறப்பிப்பதாக அழைத்திருந்தால், பதக்கத்தோடு வரலாமா என்று மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வலப்பக்கம் அணிவதற்காகப் பட்டையைப் பிரித்து வரிசையை மாற்றித் தைக்கச் சொல்வார்கள். நான் மாற்றுவதில்லை. அவர் அணிந்த பட்டை அவர் அணிந்த வரிசையிலேயே இருக்கட்டும். நீங்களும் படையில் இருந்தவர் என்றால் உங்களுடையது இடப்பக்கம், அப்பாவுடையது வலப்பக்கம். இரண்டையும் ஒரே பட்டையில் கலக்கக் கூடாது. ஒரே நேரத்தில் ஒருவர்தான் அணிய வேண்டும். மூன்று பிள்ளைகள் ஆளுக்கு இரண்டாகப் பிரித்து அணிவது அந்த மனிதரின் பணிக்காலத்தைத் துண்டு போடுவதாகும்.

சேலையில் அணிகிற அம்மாக்கள் மடிப்பையும் ஜாக்கெட்டையும் சேர்த்து ஊசி குத்த வேண்டும். மடிப்பில் மட்டும் குத்தினால் நடக்கும்போது முந்தானையோடு பட்டையும் நகர்ந்துவிடும். நெகமம் பருத்திச் சேலை நன்றாகத் தாங்கும். சிறுமுகைப் பட்டு போன்ற வழுக்கும் துணி என்றால் உள்ளே தடித்த துணித்துண்டு ஒன்றை வைத்துக் குத்துங்கள். பட்டு கிழியாது, பட்டையும் சாயாது.

சீருடையில் இருப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும்

பணியில் இருப்பவருக்கு அவருடைய யூனிட்டே எல்லாம் சொல்லித் தந்துவிடும். பிள்ளையின் பயிற்சி நிறைவு அணிவகுப்புக்குப் போகும் பெற்றோருக்குச் சில குறிப்புகள் போதும். இராணுவச் சீருடையில் பெயர்ப்பலகை வலப்பக்க மேல்பைக்கு மேலே, ரிப்பன்கள் இடப்பக்க மேல்பைக்கு மேலே. லான்ஸ் நாயக்குக்குக் கைச்சட்டையில் ஒரு பட்டி, நாயக்குக்கு இரண்டு, ஹவில்தாருக்கு மூன்று. தோளில் நட்சத்திரத்தோடு குறுக்கு நாடாவும் தெரிந்தால் அவர் ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷண்டு ஆபீசர்): ஒரு நட்சத்திரம் நாயிப் சுபேதார், இரண்டு சுபேதார், சிங்க முத்திரை சுபேதார் மேஜர். நாடா இல்லாமல் இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட், மூன்று கேப்டன், சிங்க முத்திரை மட்டும் என்றால் மேஜர். சூலூரிலும் ரெட்ஃபீல்ட்ஸிலும் விமானப்படையினரை, ஐ.என்.எஸ். அக்ராணியில் கடற்படையினரைப் பார்த்தால் பதவிச் சின்னங்களின் வடிவங்கள் வேறாக இருக்கும். ஆனால் பதக்கங்களின் முன்னுரிமை வரிசை முப்படைக்கும் ஒன்றே.

என்.சி.சி.யில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பெரே தொப்பியிலும் சட்டையிலும் தாங்களாகவே வாங்கிய வில்லைகளைச் சேர்த்துக்கொள்வதைப் பார்க்கிறேன். யூனிட் வழங்கியதைத் தவிர எதையும் மாட்டாதீர்கள். குறிப்பாக 'பலிதான்' சின்னம். பாரா சிறப்புப் படையில் கடுமையான தேர்வைக் கடந்தவர் மட்டும் வலப்பக்க மேல்பையில் பெயருக்குக் கீழே அணிவது அது. பனியனிலும் பைக் டாங்கிலும் அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் கொதிக்கிறது. படைவீரர் என்று பிறர் நம்பட்டும் என்ற நோக்கத்தோடு சீருடையோ அடையாளமோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதா 168-ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. மூன்று மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கழற்றிய பிறகு

வீட்டுப் பித்தளையைத் துலக்குவதுபோலப் புளியும் சாம்பலும் போட்டுப் பதக்கத்தைத் தேய்க்காதீர்கள். பிராசோவும் வேண்டாம். சேனா பதக்கம், வீர் சக்ரா போன்றவை வெள்ளி. சைன்ய சேவா போன்றவை செம்பும் நிக்கலும் கலந்தவை. தேய்க்கத் தேய்க்க முகப்பு உருவம் மழுங்கும். விளிம்பில் இருக்கும் பெயர் அழியும். பெயர் அழிந்த பதக்கம் யாருடையது என்று சொல்ல வழி இல்லை. உலர்ந்த பருத்தித் துணியால் வியர்வையை ஒற்றி எடுத்தால் போதும். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து மஞ்சள், குங்குமம் பூசும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மரியாதையாகத்தான் செய்கிறார்கள், ஆனால் ரிப்பனில் ஏறிய கறை போகவே போகாது. பொட்டைப் பெட்டியின் மூடியில் வையுங்கள்.

பிளாஸ்டிக் உறையில் இறுக்கிக் கட்டாதீர்கள், ஈரம் தங்கும். சாயம் போகாத வெள்ளைத் துணியில் பட்டையைச் சுற்றி, பெட்டிக்குள் ஒரு தாளையும் வையுங்கள். அதில் வீரரின் படை எண், பதவி, பெயர், யூனிட், பதக்கங்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக எந்த வரிசையில் இருக்கின்றன என்பது, டிஸ்சார்ஜ் புத்தகம் வீட்டில் எங்கே இருக்கிறது என்பது ஆகியவற்றை எழுதிவிடுங்கள். பட்டையை முன்பக்கமும் பின்பக்கமும் புகைப்படம் எடுத்து அதன் அச்சுப்பிரதியையும் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை ரிப்பன் மாற்றும்போது தைப்பவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.